எனக்கு மஞ்சள்

எங்கள் கோப்பைத் திறந்தால்
ஆளுக்கொரு நிறத்தில் ஒரு கோடு துடிக்கும்.
அருமனை ரெஜினுக்கு நீலம்.
தக்கலை மாகீனுக்குப் பச்சை.
எனக்கு மஞ்சள்.
வெள்ளைத் திரையில் மஞ்சள்!
நிறத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பது
ரொம்பப் பிறகுதான் தெரிந்தது.

அவர்களிடம் லேப்டாப்.
என்னிடம் மூலை உடைந்த போன்.
அதில் ஓர் அடைப்புக்குறி போட
மூன்று தடவை விசைப்பலகை மாற்றணும்.
நான் திறப்பதற்குள்
பச்சை ஓடிவந்து மூடிவிடும்.
ஆகவே மூன்று வாரமாய்
வாசிக்க மட்டும் செய்தேன்.
நீலம் எழுதும். பச்சை அழிக்கும்.
அழித்ததை நீலம் திரும்பக் கூட்டிவரும்.
ஒரு மாறிக்குப் பேர் வைக்க
ஒன்றரை மணி நேரச் சண்டை:
'பால்' என்று மட்டும் போட்டால்
பசும்பால் என்று நினைப்பார்களாம்.

ரப்பர்பால் கொண்டுவரும் முப்பத்தொரு பேர்,
அவரவர் எடை,
கடைசியில் மொத்தம்.
இவ்வளவுதான் வேலை.
மொத்தத்தில் ஒன்பது கிலோ குறைந்தது.

புதன் ராத்திரி, குறும்பனையில்,
பதினேழாம் வரியில் விரல் வைத்தபடி
தூங்கிப்போனேன்.
சார்ஜரில் கிடந்த போன் மட்டும் விழித்திருந்தது.

காலையில் அரட்டைப் பெட்டி நிறைய:
"ராத்திரி பூரா பதினேழுலயே நிக்கியே,
அங்க என்னத்தக் கண்ட?"
"சொல்லாமச் சொல்லுதாடே.
பாரு, ஒண்ணுல தொடங்குது.
பூஜ்யத்துலல்லா எண்ணணும்!"
மாற்றியும்விட்டார்கள்.
பக்கத்திலேயே ஒரு குறிப்பு:
கண்டுபிடித்தது, பெனிஷா.

தூங்கிட்டேன் என்று அடித்தேன்.
அனுப்பவில்லை.

பஸ் திங்கள்சந்தை தாண்டும்போது
திரை சிவந்தது.
'எடை' என்ற சொல்லை
எண்ணோடு கூட்ட முடியாதாம்.
அப்போதுதான்
பதினேழை முதன்முதலாய் வாசித்தேன்.

பூஜ்யத்தில் ஆளே இல்லை.
தலைப்பு உட்கார்ந்திருக்கிறது: பெயர், எடை.
ஒன்றில் தொடங்கியதுதான் சரி.
வரியின் அந்த முனையில்
ரப்பர்த் தோட்டத்துச் சருகுக்கடியில் அட்டை மாதிரி
ஒரு கழித்தல் குறி, அதையொட்டி ஒன்று.
கடைசிக்கு முந்தினவரோடு
கதவைச் சாத்தச் சொல்லுகிறது.
கடைசி ஆள் யாரென்று பார்த்தேன்.
வேலப்பன். ஒன்பது கிலோ.

வில்லுக்குறி வளைவு.
ஒரு கை கம்பியில்.
பூஜ்யத்தைத் திரும்ப ஒன்றாக்கினேன்.
அப்புறம் இரண்டே எழுத்தை அழிக்கணும்.
அழிக்க
எந்த விசைப்பலகையும் மாற்ற வேண்டாம்.

மொத்தம் சரியாய் வந்தது.
நீலமும் பச்சையும் வந்து
என் பக்கத்தில் நின்றன,
கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதாமல்.

"அப்போ ராத்திரி பூரா
இதைத்தான் பாத்துட்டு இருந்தியா?"

"ம்" என்று போட்டேன்.