தோற்றவனுக்கு அஞ்சு ரூபாய் கூட

பகலில் அது நெல் காயும் களம்.
சனிக்கிழமை சாயந்திரம் அவித்த நெல்லை ஓரத்துக்கு ஒதுக்கி
சிமெண்டில் வெட்டிய நாலு குழியில்
நாலு உத்தரக்காலை நட்டால்
அதுவும் களம்தான்.
பேர் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பேட்டை, ஆதிமூலம் ரைஸ் மில்.
நான் அங்கே கணக்கு எழுதினேன்.
நெல்லுக்கு ஒரு பேரேடு, குஸ்திக்கு ஒன்று.
குஸ்திப் பேரேட்டுக்குப் பச்சை அட்டை.
வரி ஆபீஸ்காரர் வரும்போது
அதன்மேல் நான் உட்கார்ந்திருப்பேன்.

முதல் வருஷம் சுற்றிக் கட்டியது தென்னங்கயிறு.
முதுகை உரித்துவிட்டது என்று
பர்மாப் புலி ஒரு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தான்.
பர்மாவை அவன் பார்த்ததில்லை.
ஊர் சீதபற்பநல்லூர், பேர் சுயம்பு.
அப்புறம் கயிற்றுக்குச் சைக்கிள் டியூப் சுற்றினோம்,
செலவு ஆறே கால் ரூபாய்.
மேடையில் கழிவுப் பஞ்சு, அதன்மேல் தார்ப்பாய்.
எத்தனை பெருக்கினாலும் உமி மிச்சமிருக்கும்.
முதுகில் உமி அப்பி
அரிப்புத் தாங்காமல் அவர்கள் முறுக்கிக்கொண்டதைத்தான்
ஜனங்கள் ஆவேசம் என்றார்கள்.

தரை நாலணா. பெஞ்சு எட்டணா.
நெல் மூட்டைமேல் உட்கார ஒரு ரூபாய்.
மணி வாங்கவில்லை, மில் சங்கே போதும் என்றார் முதலாளி.

யார் ஜெயிப்பது என்பதை
வெள்ளிக்கிழமையே என்னிடம் சொல்லிவிடுவார்.
ஜெயிக்கிறவனுக்கு இருபது, தோற்கிறவனுக்கு இருபத்தஞ்சு.
"விழுதவனுக்குத்தானவே தைலச் செலவு?"
மனுசர் நியாயஸ்தர்.

அந்த ஆடி மாசம் குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்தது.
முதலாளி குளிக்கப் போனார்.
யார் தோற்பது என்று சொல்லாமலே போய்விட்டார்.

பர்மாப் புலிக்குப் பிள்ளை பிறந்து பதினாறு நாள்.
துருக்கிச் சிங்கத்துக்கு
(மேலப்பாளையம், செய்யது மசூது, சொந்தத் தறி ஒன்று)
நூல்கடைப் பாக்கி கழுத்தளவு.
சங்கு ஊதியது.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள்.

கூட்டம் எழுந்து நின்றது.
சுயம்பு மசூதைத் தன்மேல் இழுத்துப் போட்டான்.
மசூது உருண்டு அவனுக்கு அடியில் போனான்.
ஒருத்தன் தோளைத் தரையில் ஒட்ட,
அதை மற்றவன் பிடித்து நிமிர்த்த,
ரெப்ரி ஞானாபரணம் டிரில் மாஸ்டர்
ஒன்று, இரண்டு வரை எண்ணி எண்ணித் தொண்டை கட்டினார்.
நாற்பது நிமிஷம்.
அப்படி ஒரு சண்டை அந்தக் களத்தில் நடந்ததில்லை.
ஒரு வெற்றிலை வியாபாரி அழுதே விட்டார்.

நெல் கிண்டுகிற ஆவுடைத்தங்கம் மட்டும்
பல்லுப்பலகையில் சாய்ந்து நின்று சிரித்தாள்.
"ஏ, ரெண்டு பேரும் கீழ போவத்தாம்லா பாக்கானுவோ!"
அவளை யாரோ அதட்டினார்கள்.

மேற்கே இருந்து சாரல் வந்தது.
முதலில் பெட்ரோமாக்ஸ் கண்ணாடி தெறித்தது,
அடுத்து ஆவுடைத்தங்கம் அலறினாள்: நெல்லு, நெல்லு.
முன்னூறு மூட்டை திறந்து கிடந்தது.
புலியும் சிங்கமும் மேடைத் தார்ப்பாயை உரித்துக்கொண்டு ஓடினார்கள்.
ஒரு ரூபாய்க்காரரும் நாலணாக்காரரும்
வேட்டியை மடித்துக் கட்டி அள்ளினார்கள்.
பஞ்சு முழுக்க நனைந்து போனது.

பச்சைப் பேரேட்டில் எழுதினேன்:
முடிவு, மழை. ஆளுக்கு இருபத்தஞ்சு.
திங்கட்கிழமை முதலாளி அதை வாசித்துவிட்டு
தலையில் எண்ணெய் மினுங்கக் கேட்டார்:
"அப்போ ஜெயிச்சது யாருவே?"
நான் பேனாவுக்கு மை நிரப்பினேன்.

பிறகு நெல் காயவைக்க மெஷின் வந்தது.
களம் சும்மா கிடந்தும்
குஸ்திக்கு ஆள் வரவில்லை, ஏனென்று தெரியவில்லை.
இப்போது கல்யாண மண்டபத்துக்கு வருகிற கார்கள் நிற்கின்றன.
நாலு குழியில் மூன்றை அடைத்துவிட்டார்கள்.
நாலாவதில் மழைத் தண்ணீர் தேங்கும்,
டிரைவர்கள் அதில் பீடியை அணைக்கிறார்கள்.

பச்சைப் பேரேடு என்னிடம்தான் இருக்கிறது.
அந்த ராத்திரி வரவையும் செலவையும்
எத்தனை தடவை கூட்டினாலும்
மூன்று ரூபாய் நாலணா உதைக்கிறது.