நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்

தச்சநல்லூர் பைபாஸில்
தகரம் வேய்ந்த யார்டு.
வரிசையில் ஏழாவதாக நின்றது,
இருபதாம் வருச மாடல், நாமக்கல் நம்பர்,
முகத்தில் மட்டும் புதுப் பெயிண்ட்,
மீட்டரில் 4,12,630.

இவர் அந்த எண்ணை இரண்டு தடவை வாசித்தார்.
நான் செல்போனில் வகுத்துப் பார்த்தேன்.
ஐந்து வருசம், ஞாயிறு தீபாவளி விடாமல்,
நாளொன்றுக்கு இருநூற்று இருபத்தாறு.

"நாக்பூர் ஆரஞ்சு, நாசிக் வெங்காயம்,
எல்லாம் நாலுவழிச் சாலையில ஓடுன ஓட்டம்க்கா,
வலிக்காத ஓட்டம்"
என்றார் செய்யது மசூது, டயரை மிதித்துக்கொண்டே.
டயரை மிதித்தால் என்ன தெரியும் என்று
யாரும் இதுவரை எனக்குச் சொன்னதில்லை.
ஆனாலும் நானும் ஒரு மிதி மிதித்தேன்.

வீட்டில் நிற்கிறது எங்கள் பழையது.
அதன் மீட்டர் 87,441-ல் நின்று
பதினாலு வருசம்.
கேபிள் அறுந்த அன்று சின்னவள் மூன்றாம் வகுப்பு,
இப்போது நர்சிங் முடித்துவிட்டாள்.
அதற்கப்புறம் எத்தனை ஏத்தன் தார், எத்தனை ரசகதலி,
களக்காட்டுக்கும் நயினார்குளம் மார்க்கெட்டுக்கும் எத்தனை நடை,
ரேடியேட்டர் குடித்தது எத்தனை குடம்.
பொய் சொல்லாத வண்டிதான்.
கேட்டால் பதில் சொல்லாது, அவ்வளவே.

ஆசீர் மெக்கானிக் பேசவில்லை.
ஆயில் மூடியைத் திறந்து
அதன் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.
ஸ்க்ரூட்ரைவரின் நுனியை இன்ஜினிலும்
பிடியைக் காதிலும் வைத்துக்
கண்ணை மூடினார்.
பையன் கொண்டுவந்த டீ ஆடை கட்டியது.

"கீர்பாக்ஸ்ல ஒரு முனகல் கெடக்கு.
ரெண்டு வருசம் முனகும். பெறவு கேக்கும்."
என்ன கேக்கும்?
"முப்பதாயிரம்."

நான் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.
இடப்பக்கம் சரிந்து ஒரு பள்ளம்,
யாரோ ஒருத்தருடைய இடுப்பு.
கிளட்ச் ரப்பர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து
இரும்பு மினுங்கியது.
காலைக் கோணலாக வைக்கிற ஆள் போல.
கண்ணாடியில் ஒட்டியிருந்த பேரைச்
சுரண்டி எடுத்திருந்தார்கள்.
வெயில் பட்டபோது
பசையில் ஒரு 'ழ' தெரிந்தது.
மகளோ, ஊரோ.

"தவணை கட்ட முடியாம விட்ட வண்டி" என்றார் மசூது,
நான் கேட்காமலே.

விலையில் பதினைந்தாயிரம் இறங்கி
இனி இறங்கமாட்டேன் என்ற இடத்தில்
குரலும் இறங்கியது.
"வேணும்னா மீட்டரை ஒண்ணு எண்பதுக்குக் கொண்டுவந்து தாரேன்.
லேப்டாப் வச்சா பத்து நிமிசம்.
நாளைக்கு நீங்க விக்கையில ஒதவும்."

இவர் என்னைப் பார்த்தார்.
நான் அந்தக் கிளட்ச்சைப் பார்த்தேன்.
"ஓடுனது ஓடுனதா இருக்கட்டும் பாய்.
அந்தப் பத்து நிமிசத்துத் துட்டை வெலையில கழிச்சிருங்க."
சிரித்துவிட்டார்.
இரண்டாயிரம் கழித்தார்.

சீட்டுப் பணம் கொஞ்சம்,
சங்கிலியை வைத்த பணம் கொஞ்சம்,
மீதிக்கு ஃபைனான்ஸ்.
அதே ஃபைனான்ஸ்.
முப்பத்தாறு தவணை,
வாங்குபவர் பொன்துரை, ஜாமீன் தங்கபுஷ்பம்.
ஏழாம் பக்கத்தில் பேனா எழுதவில்லை.
உதறி உதறிப் போட்டேன்.

திரும்பும்போது இவர் துண்டை நாலாக மடித்து
அந்தப் பள்ளத்தில் வைத்து உட்கார்ந்தார்.
அப்படியும் இடப்பக்கம் சாய்ந்தே ஓட்டினார்.
மூன்றடைப்பு வரும்போது முனகியது.
ரேடியோவைக் கூட்டினார்.
நான் குறைத்தேன்.

4,12,658.
இருபத்தெட்டு எங்களுடையது.