தோள் எலும்பு

டாக்டர் நாலு மணிக்குத்தான் என்றார்கள்.
கண்டி ஆஸ்பத்திரி வாங்கில்
மருதவீரன் சாய்ந்து தூங்கிப்போனார்.
எக்ஸ்ரே உறையைப் பக்கத்தில் வைத்தால்
யாராவது மேலே உட்கார்ந்துவிடுவார்கள் என்று
கையோடு எடுத்துக்கொண்டு நடந்தேன்.
மழைக்கு ஒதுங்கிய கட்டடத்தில்
சீனத்துப் பழம்பொருள் காட்சி.
கடைசி நாள், டிக்கட் இல்லை.

குடையை வாங்கிவைத்த காவல்காரர்
உறையைக் காட்டி "மொகத?" என்றார்.
எலும்பு என்றேன்.
"உள்ளேயும் அதுதான்" என்றார் அரைத் தமிழில்.

மூன்று கால் வெண்கலப் பானை.
கழுத்து நீண்ட மண் குதிரை, காதில் ஒன்றைக் காணோம்.
செத்தவர் சமைக்கவென்று குழிக்குள் வைத்த அடுப்பு,
சாண் நீளம், இரண்டு கண்,
மேலே ஒரு மண் மீன்கூட வேகாமல் கிடந்தது.
தேயிலை குடித்த கிண்ணத்தின் முன்னால்தான் கூட்டம்.
நான் நிற்கவில்லை.
தேயிலையைத் தினம் பார்க்கிறேன்.

கடைசி அறையில், மங்கல் பல்புக்குக் கீழே
நனைந்த விறகு நிறத்தில் ஒரு துண்டு.
'மாட்டின் தோல் எலும்பு' என்றது அட்டை.
தோள் என்று நானே திருத்திப் படித்தேன்.

மூவாயிரத்து இருநூறு வருடம்.
அரசனுக்கு ஒன்று தெரியவேண்டுமென்றால்
எலும்பின் பின்பக்கம் குழி பறித்துச்
சூட்டுக்கோல் வைப்பார்களாம்.
டக்கென்று வெடிக்கும்.
வெடிப்பு போன திசைதான் பதில்.
இந்த எலும்பிடம் கேட்டது:
பத்து நாளைக்குள் மழை வருமா?

எங்கள் லயத்தில், அப்புத்தளைக்குக் கீழே,
எட்டாம் காம்பராவின் பின்சுவரிலும் ஒரு வெடிப்பு.
ஐப்பசியில் வந்த திசாநாயக்க மாத்தயா
அதன் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றைச்
சிமெந்து வைத்து ஒட்டினார்.
பென்சிலால் திகதி போட்டார்.
கண்ணாடி உடைந்தால் மலை நகருது,
ஒன்றும் எடுக்காமல் ஓடுங்கள் என்றார்.
அன்றிலிருந்து படுக்கமுன் டோர்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை.
சாமிக்குக்கூட அவ்வளவு ஒழுங்காய் விளக்கு வைத்ததில்லை.

கார்த்திகையில் ஒரு ராத்திரி உடைந்திருந்தது.
பன்னிரண்டு காம்பராவும் இருட்டில் ஓடியது.
ஒன்றும் எடுக்காமல் என்றால் இவர் கேட்பாரா,
அரிசி மூட்டையோடு படியில் சறுக்கினார்.
மலை அசையவே இல்லை.
பந்து பட்டதென்று சுதர்சினி
மறுநாள் பகல்தான் வாய் திறந்தாள்.
அடிக்கக் கை ஓங்கினேன், முடியவில்லை.
புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை.

உறையைப் பிரித்துப் படத்தை
அந்த மங்கல் பல்புக்கு நேரே பிடித்தேன்.
ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் மருதவீரன்.
மழை வந்ததா என்று பிறகு செதுக்குவார்களாம்.
இதில் அந்த மூலை உடைந்துபோய் இல்லை.

தடுக்கத்தான் வருகிறாரென்று நினைத்தேன்.
காவல்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று
கண்ணைச் சுருக்கி
மயிரிழைபோல் ஓடிய கோட்டில் விரல் வைத்தார்.
"மெதன" என்றார்.
ஆமாம், அங்கேதான்.

அப்புறம் கேட்டார்,
உங்கள் பக்கம் மழையா?

காலையில் புறப்படும்போது இல்லை, என்றேன்.