மர்ஹூனின் தலைவலி

தட்டச்சுக்காரன் விரல்களுக்குக் கண் கிடையாது.
இதைச் சொல்லித்தான் மனாமாவில்
மூன்று வருடம் சம்பளம் வாங்கினேன்.
அசல் துரைக்கு, நகல் கோப்புக்கு,
கார்பன் குப்பைக்கூடைக்கு.

எண்ணெய் ஆலை வேலைநிறுத்தம், பதினாறாம் நாள்.
புகை இல்லாத வானத்தில்
நட்சத்திரங்கள் தெரியத் தொடங்கியிருந்தன.
சந்தைச் சுவர்களில் கரிக்கட்டை அரபி.
இரண்டு பள்ளிவாசல்காரர்களும்
ஒரே உண்டியலில் காசு போட்டார்கள்.
துரைக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

அன்று நான் அடித்தது இவ்வளவே:
பதினொரு பெயர்கள். முஹரக்கில் ஒரு காவாக்கடை.
'மாடியில் நான்கு பெட்டி ஜெலட்டின்.
வெள்ளிக்கிழமை, தொழுகை கலையும் நேரம்.
புகைப்படக்காரர் உடன் வரவேண்டும்.'
அடித்து முடித்துத் தேநீர் கேட்டேன்.

கொண்டுவந்தவன் மர்ஹூன்.
பதினேழு வயது. மேலுதட்டில்
வரலாமா என்று யோசிக்கும் மீசை.
முத்துக்குளித்துச் செவிடானவரின் மகன்.
இரவுப் பள்ளியில் ஆங்கிலம் படித்தான்,
பல்வலிக்காரன் முறுக்குத் தின்பதுபோல.
கூடையைக் காலி செய்வதும் அவன் வேலை.

ஒருமுறையே அடித்த கார்பனை
விளக்குக்கு முன் பிடித்தால்
எழுத்தெல்லாம் வெளிச்சமாய்த் தெரியும்.
எனக்கு அது தெரியும்; அவன் அன்றிரவு கண்டுபிடித்தான்.
மூன்றாம் பெயர் அவனுடைய ஆசிரியர்.
ஏழாவது, காவாக்கடைக்காரர்.
'பெட்டி' புரிந்தது. 'ஜெலட்டின்'
அவனுடைய பாடப்புத்தகத்தில் இல்லை.
நேரில் பார்க்கக் கிளம்பினான்.

பாலத்தில் காவல்.
கடல் வற்றும் நேரம் பார்த்து
இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தான்,
செருப்பைத் தலையில் கட்டிக்கொண்டு.
(பிறகு என்னிடம் சொன்னபோது
சொறிமீன் தீண்டியதைத்தான் நீட்டி நீட்டிச் சொன்னான்.)

பேரீச்சை மூட்டைகளுக்குப் பின்னால் பெட்டிகள்,
ஆணிகள் புத்தம்புதிதாய்.
கடைக்காரரை எழுப்பவில்லை.
அவர் நாலு பேரை எழுப்புவார்;
நாலில் ஒருவன் பெட்டியை வைத்தவனாக இருப்பான்.
கரி கிளறும் கம்பியால் ஆணி பிடுங்கி,
மெழுகுத்தாள் சுற்றிய குச்சிகளைச்
சட்டையில் முடிந்து
ஆறு நடை கடலுக்கு.
வெற்றுப் பெட்டி கனம் காட்டிக்கொடுக்கும் அல்லவா?
கடையின் சாக்கிலிருந்து எதையோ அள்ளி நிரப்பினான்.
பழைய துளையிலேயே ஆணி.

வெள்ளிக்கிழமை. குறிப்பெடுக்க
என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.
சந்து கொள்ளாத கூட்டம்.
துரையே கடப்பாரையை வாங்கி நெம்பினார்.

காய்ந்து கறுத்த எலுமிச்சை.
நான்கு பெட்டியிலும் எலுமிச்சை.
ஒன்று மட்டும் படிப்படியாய் உருண்டு இறங்கி
புகைப்படக்காரரின் பூட்ஸில் முட்டி நின்றது.

முதலில் ஒரு மீன்காரர் சிரித்தார்.
பிறகு சந்து சிரித்தது.
மொட்டைமாடிகளில் பெண்கள் சிரித்தார்கள்.
பதினொரு பேரும் அந்தச் சிரிப்புக்குள்
எங்கோ நின்றிருந்தார்கள்.

சனிக்கிழமை தேநீர்க் கோப்பை தட்டில் நடுங்கியது.
மர்ஹூன் நெற்றியில் ஈரத்துணி.
பல்லாவரத்துக் கல்குவாரியில் வளர்ந்தவன் நான்.
ஜெலட்டின் தொட்டவனுக்கு
மண்டை பிளக்கும் என்று தெரியும்.
எனக்குப் பின்னால் துரை.
"என்ன இவனுக்கு?"
"வெயில், சார்" என்றேன்.
என் இழுப்பறையின் கடைசி அனாசினைக் கொடுத்தேன்.

மதியம், அறைக்குள் வந்துபோகும்
வேலையாட்கள் பட்டியல் கேட்டார்.
பெருக்குபவர், தோட்டக்காரர், ஓட்டுநர் இருவர்,
தபால் பையன் என்று அடித்துக்கொண்டே வந்து
ஒரு வரிக்கு முன் நின்றேன்.
ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம்.
ஊரில் தங்கைக்கு வரன் பேசியிருந்தார்கள்.
அந்த வரியை உருட்டித் தள்ளிவிட்டு
அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டேன்.

மாலை, கூடையை எடுக்க வந்தவன்
மடித்த கார்பனை என் மேசையில் வைத்தான்.
"இன்னும் இரண்டு முறை அடிக்கலாம், உஸ்தாத்,
ஏன் எறிகிறீர்கள்?"