பிப்ரவரி, தொண்ணூறு ஏக்கர்

க்ளெம் ஆட்லிங் சொல்கிறான்: குறைந்துவிட்டன.
ரோசலிண்ட் டப்ஹோம் சொல்கிறாள்: பெருகிவிட்டன.
இருவரும் ஒரே வயலைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்,
அவன் துப்பாக்கியோடு, அவள் கணக்குப் புத்தகத்தோடு.

நான் வாய்க்கால் ஓரம்
வலைக்குள் குந்தியிருக்கிறேன்.
ஃப்ளாஸ்க்கில் தேநீர் ஆறிவிட்டது.
எதிரே பன்னிரண்டு பிளாஸ்டிக் புறாக்கள்
காற்றுக்கு முகம் காட்டி
மேய்வதாக நடிக்கின்றன.
காலை ஏழு மணியிலிருந்து அவற்றை நம்பியது
வழி தவறி வந்த ஒரு முயல் மட்டும்.

லிங்கன்ஷயரின் இந்தப் பக்கத்தில்
ஒளிய ஒரு மேடு கிடையாது.
முக்கால் பங்கு வானம்,
மீதியில் சேறு.

பழைய நோட்டில் என் கையெழுத்து சொல்கிறது:
ஜனவரி 17, தென்மேற்குக் காற்று, நூற்று நாற்பத்தொன்று.
அன்று பாப்லர் வரிசையைப் பிடித்துக்கொண்டு
மூன்றும் ஐந்துமாய்த் தாழப் பறந்து வந்தன,
பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மாதிரி, பராக்குப் பார்த்தபடி.
இந்தக் குளிருக்கு எழுதியிருப்பது:
டிசம்பர் 9, நான்கு.
டிசம்பர் 23, சுழி. மூடுபனி.
ஜனவரி 6, சுழி. மூடுபனி இல்லை.

சுழி என்று எழுதியபோதும் அவை இருந்தன.
அதைத்தான் க்ளெம்முக்குச் சொல்லத் தெரியவில்லை.
ஒரே துண்டாக வருகின்றன இப்போது,
யாரோ சாம்பல் போர்வையை உதறியதுபோல்
ஆயிரமோ, இரண்டாயிரமோ,
ரவை எட்டாத உயரத்தில்.
வயலின் நட்டநடுவில் இறங்குகின்றன
எந்த வேலிக்கும் சம தூரத்தில்,
சங்கிலி போட்டு அளந்தாற்போல.
தபால் வண்டி போனால் தலை நிமிர்வதில்லை.
என் பிக்கப்பின் கதவு சாத்தினால்
போர்வை எழுந்துவிடுகிறது.

ரோசலிண்டின் எரிவாயுக் குழல்
இருபது நிமிடத்துக்கொருமுறை வெடிக்கிறது,
ஆளில்லாத பரணிலிருந்து ஓர் ஆலோலம்.
எழும்பி, ஒரு வட்டம் போட்டு,
விட்ட இலைக்கே திரும்புகின்றன.
கடுகுச் செடியில் நரம்பு மட்டும் நிற்கிறது,
மீன்முள் மாதிரி.

காரணங்கள் எங்களிடம் ஏராளம்.
உறைபனி விழவில்லை.
ஓக் மரங்கள் இவ்வருடம் கொட்டித் தீர்த்தன,
காட்டுக்குள்ளேயே வயிறு நிறைகிறது.
தெள்ளு வண்டுக்குப் பயந்து பாதிப் பண்ணைகள்
கடுகையே கைவிட்டன,
விதைத்தவள் தலையில் ஊர்ப் புறா முழுவதும்.
வண்டியின் பின்கதவில் சாய்ந்து
ஒவ்வொன்றையும் க்ளெம் நிரூபிப்பான்,
முந்தையதை மறந்துவிட்டு.

மூன்று பத்துக்கு ஒன்று தனியாக வந்தது,
மேற்கிலிருந்து, நகரப் பக்கமிருந்து.
ஒரே வெடி.
கழுத்தின் வெள்ளைப் பட்டையில்
ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

கொட்டகையில் தீவனப்பையைக் கீறினேன்.
பச்சை இருக்கும், அல்லது ஓக் கொட்டை,
பந்தயம் கட்டியிருப்பேன்.
உள்ளே தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பு,
கைப்பிடி நிறைய.
இரண்டு வேர்க்கடலை, முழுசாக.
இது எந்த வயலிலும் விளைவதில்லை.
யாரோ காசு கொடுத்து வாங்கி
கொக்கியில் மாட்டிவிட்டது.

ஞாயிறன்று மகள் டாம்சின் வீட்டில் சாப்பாடு.
ரயில் பாதைக்குப் பின்னால் வரிசை வீடுகள்,
பாய் விரித்த அளவு தோட்டம்.
சிட்டுகளுக்கென்று தொங்கவிட்டதன் அடியில்
தொந்தியும் தள்ளாட்டமுமாய்ப் பதினொன்று.
ஒன்று படிக்கட்டில் ஏறி
கண்ணாடி வழியே உள்ளே பார்த்தது.
"அதுக்குப் பேரே வச்சாச்சு, பிரிகேடியர்.
புது ஆளைப் பார்த்தா ஓடிடும்னு நினைச்சேன்,
உங்களைப் பார்த்து ஓடலையே" என்றாள்.
உருளைக்கிழங்கை நீட்டினாள்.
போன வாரம் பன்னிரண்டு இருந்ததா என்று
கேட்க வாயெடுத்து, கிழங்கை வாங்கிக்கொண்டேன்.

கோட்டுப் பையில் நோட்டு இருந்தது.
அவள் கேக் எடுக்கப் போனபோது எழுதினேன்:
பிப்ரவரி 11, காற்று இல்லை, பதினொன்று.
தூரம், நான்கு அடி.