கடிதத்தின் மூன்றாம் வரி

துலூத் நகரில் பிப்ரவரி.
சைக்கிள் பாதைமேல்
மாநகராட்சி தள்ளிய பனி
இடுப்புயரம்.

"உங்களுக்கு வெட்கமாக இல்லையா?"
என்று எழுதியிருந்தான் ராஸ்மஸ்.
வெர்னா அதை அடித்துவிட்டுத்
"தயைகூர்ந்து" என்று போட்டாள்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்றான்.
கடித்த பிள்ளைக்குக் கிடையாது என்றாள்.

அவன் காறையெலும்பில் ஆறு திருகாணி.
அதை யாரும் பேசவில்லை,
அவனும்தான்.
நான் செயலாளர்;
கமா போட்டேன், எடுத்தேன்.
காப்பி ஆறியது.

ஒன்பது மணிக்கு வெளியே வந்தால்
பனிவாரி வண்டி போயிருக்கிறது.
கம்பியோரம் நிறுத்திய
பதினோரு சைக்கிள்களில்
ஒரேயொரு கைப்பிடி தெரிகிறது,
மணியோடு.

கையுறை நனைய நனையத்
தோண்டிக்கொண்டிருந்த வெர்னா
ஒரு வார்த்தை சொன்னாள்.

பக்கத்தில் மண்டியிட்டிருந்த ராஸ்மஸ்
என் பக்கம் திரும்பி,
"அதை எழுதிவிடாதே"
என்றான்.