கோடில்லாத கழுத்து

கப்பல் தளத்தில் எனக்கு வேலை கைகாட்டுவது.
வா, வா, இன்னும், இன்னும் கொஞ்சம்,
நிறுத்து.
மீன் லாரியின் முதுகுக்கும் அடுத்த காரின் மூக்குக்கும் நடுவே
ஒரு உள்ளங்கை இடம் விடுவேன்.
இருபத்தியொரு வருஷத்தில் எந்த வண்டிக்கும் கீறல் விழுந்ததில்லை.
தளத்தில் வெள்ளைக் கோடுகள் உண்டு.
ஏப்ரல் தோறும் நானேதான் பெயின்ட் அடிக்கிறேன்.

பிடிலின் கழுத்தில் கோடே கிடையாது.
கறுப்பாக, வழவழவென்று,
மழை நின்ற இரவின் தார்ச்சாலை மாதிரி.
எங்கே நிற்பது என்று
விரலுக்கு யார் கைகாட்டுவது?

செவ்வாய் சாயங்காலம் ஊர்மன்றத்தில் வகுப்பு.
ஒன்பது பேர்.
எட்டுப் பேருக்குப் பால்பல் விழுந்துகொண்டிருக்கிறது.
எனக்கு ஐம்பத்திரண்டு,
இடது தோளில் இரண்டு தரம் ஊசி போட்டாயிற்று.
சொல்லித்தரும் மாக்னி
பகலில் எங்கள் வீட்டுக்கு மின்சார பில் கொண்டுவருகிறவன்.
என் பிடிலில் மூன்று நீல டேப் ஒட்டினான்.
பக்கத்து நாற்காலி லவ்ரி எட்டிப் பார்த்தான்.
"எனக்குப் போன வருஷமே எடுத்தாச்சு" என்றான்,
ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலோடு பேசுகிற குரலில்.

வில் என்றுதான் பேர்.
குறி தப்புவதில் ஆச்சரியம் என்ன?
நேராக இழுத்தால் சரிகிறது,
அழுத்தினால் உறுமுகிறது,
விட்டுவிட்டால் சீட்டி அடிக்கிறது.
வீட்டில் உறையைத் திறந்தாலே
நாய் வாசற்கதவைப் பார்த்து உட்கார்ந்துவிடும்.
கிப்பி ஒன்றும் சொல்வதில்லை.
ஆடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தொப்பி எடுப்பார்.
ஆடுகளை விற்று நாலு வருஷமாகிறது.

அதனால் கப்பலிலேயே பழகினேன்,
அறிவிப்பு மைக் இருக்கும் சின்ன அறையில்.
கதவைச் சாத்தினால்
மிச்சத்தை என்ஜின் விழுங்கிக்கொள்ளும்.

பிப்ரவரியில் ஒரு காலை
யெல் கரையில் பனிமூட்டம்.
பதினாலு வண்டி ஏற்றியாயிற்று, முன்கதவும் மூடியாயிற்று,
எதிர்க்கரையைக் காணோம்.
கேப்டன் என்ஜினை அணைக்கச் சொன்னார்.
தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று
மைக்கில் சொன்னேன்.
பிடிலை எடுத்தேன்.
பொத்தானை மறந்தேன்.

நாற்பது நிமிஷம்.
ஒரே மெட்டு.
மூன்றாவது வரியில் வழக்கம்போல் தடுக்கல்,
ஒரு கெட்டவார்த்தை,
முதலிலிருந்து.
தடுக்கல், அதைவிடக் கெட்ட வார்த்தை,
முதலிலிருந்து.
கேப்டன் உள்ளே வந்தார்,
என்னைத் தாண்டிக் கை நீட்டிப் பொத்தானை அமுக்கினார்,
ஒரு கோப்பை டீ வைத்துவிட்டுப் போனார்.

தளத்துக்கு இறங்கினேன்.
அந்தக் குளிரில்
நாலைந்து கார்களின் கண்ணாடி இறங்கியிருந்தது.
யாரும் கைதட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் தேவலை.
எதிர்க்கரை வந்ததும் கைகாட்டினேன்,
என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே.
ஒன்பதாவது வண்டி,
பின்னால் கூண்டில் கோழிகள்,
ஓட்டுகிற அம்மாள் வேகத்தைக் குறைத்தாள்:
"மூணாவது வரியில வில்லைத் திருப்பாதே.
போற திசையிலேயே போக விடு."
வண்டி நம்பரைக்கூடப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்று ராத்திரி திருப்பாமல் விட்டேன்.
போயிற்று. அந்த வரி, முழுசாக,
தண்ணீரில் துடுப்பு போகிற மாதிரி.
நாயை எழுப்பிச் சொன்னேன்.
மறுபடி வாசித்தேன், அதே இடத்தில் விழுந்தேன்.
அதற்கு மறுபடியும்.

இப்போது மார்ச்.
வியர்வையோ உப்புக்காற்றோ,
டேப் ஒன்று உரிந்து என் மழைக்கோட்டுப் பையில் கிடக்கிறது.
ஒட்டியிருந்த இடத்தில்
கொஞ்சம் பிசுபிசுப்பு மட்டும்.
மோதிரவிரல் அதைத் தேடிப் போகிறது,
ஒரு நூல் முன்னால் நிற்கிறது.
கண்ணை மூடிக்கொண்டு
வா என்கிறேன்,
இன்னும்,
இன்னும் கொஞ்சம்